வழிச்செல்வார் மூட்டை

ஊர்விட்டு ஊர் செல்லாத மக்கள் இக்காலத்து மிகவும் அரியர். கல்வி கருதியும், பணி கருதியும், வாணிகம் கருதியும், உற்றார் உறவினரைக் காணும் விருப்பாலும் நம்மவர் நாள்தோறும் வழிமேற் செல்கின்றனர். அவருள் ஆண்டிற்கு ஒருமுறை செல்வாரும் உளர். கிழமைக்கு இருமுறை செல்வாரும் உளர். மருந்துக் கம்பெனிகளின் பிரதிநிதிகள், சரக்கு லாரி ஓட்டுநர், விடுதியில் உறைந்து பயிலும் எம்போன்ற மாணாக்கர் ஆகியோர் இப்பின்னைய வகையினர் ஆவர். இங்ஙனம் அடிக்கடி வழிச்செல்வார் தம்முடன் கொண்டுசெல்லும் பொருள்கள் யாவை, அவற்றுள் கொள்ளத்தக்கன யாவை, எவற்றை எவ்வளவிற்கு நம்பலாம் என ஆராய்தல் மிகச் சிறியதொரு செய்தி என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், ஒருவனது மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பின், அவன் எதற்கு அஞ்சுகின்றான், எதனை நம்புகின்றான் என்பது தெற்றெனப் புலனாகும். ஆதலின் இதுபற்றி எமக்குத் தோன்றிய கருத்துக்கள் சிலவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

விடுமுறைக்கு முந்திய மாலையில் எம் விடுதியின் எவ்வறையிற் புகுந்து நோக்கினும் ஒரே காட்சிதான். கட்டிலின்மேற் பை வாய்திறந்து கிடக்கும். அதனருகே கைப்பேசி, அதற்குரிய சார்ஜர், கேபிள், பவர் பேங்க், காதிற் செருகும் ஒலிக்கருவி, மணிக்கட்டில் அணியும் மின்கடிகாரம், அதற்கு வேறொரு சார்ஜர், சிலரிடத்து மடிக்கணினி, அதற்கு இன்னுமொரு சார்ஜர் ஆகியன பரப்பப்பட்டிருக்கும். உடைகள் அவற்றிற்குப் பின்னரே பையிற் புகும். துண்டையும் சோப்பையும் மறந்து செல்வார் பலர். சார்ஜரை மறந்து செல்வார் சிலரே.

இப்பொருள்களுள் தலைமை பூண்டது கைப்பேசி என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? முன்னாளில் வழிச்செல்வான் தனித்தனியே சுமந்த கடிகாரம், வழிப்படம், கைவிளக்கு, டிக்கெட்டு, பணப்பை, முகவரிப் புத்தகம், படிக்கும் நூல், புகைப்படக் கருவி ஆகிய அனைத்தும் இன்று உள்ளங்கையளவினதாகிய ஒரு பொருளினுள் அடங்கிவிட்டன. ஐபோன் என்னும் தொடுதிரைக் கைப்பேசி 2007-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கைப்பேசி வழியே பணம் செலுத்தும் யூபிஐ முறை நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. மக்கள் பன்னூறாண்டுகளாகச் சுமந்து வந்த மூட்டை இருபது ஆண்டுகளுக்குள் இவ்வாறு சுருங்கியமை வியக்கத்தக்கதே.

இதனால் விளைந்த நன்மைகளை மறுப்பது நன்றி மறத்தலாகும். கண்பார்வை இழந்த நண்பர் ஒருவர் தம் கைப்பேசி எழுத்துக்களை வாய்விட்டுப் படித்துச் சொல்ல, அதனைக் கேட்டுத் தாமே ரெயில் ஏறிச் செல்வதை யாம் கண்டிருக்கின்றோம். இரவிற் பணிமுடிந்து தனியே வீடு திரும்பும் மகளிர், தாம் செல்லும் வண்டி எவ்விடத்து வருகின்றது என்பதை வீட்டாரும் உடனுக்குடன் அறியுமாறு செய்யலாம். 112 என்னும் ஒரே எண்ணை அழைத்துக் காவலரையும் தீயணைப்போரையும் மருத்துவ உதவியையும் பெறலாம். இவை எளிய நன்மைகள் அல்ல. ஆதலின், கைப்பேசியை எறிந்துவிட்டுக் கூஜாவும் கைத்தடியுமாகப் புறப்படுக என்று கூறுவது எம் கருத்தன்று. எம் வினா பிறிதொன்று. ஒரு பொருளை ஏவலாளாகக் கொண்டு செல்கின்றோமா, அன்றி அதன்கண் நம்மையே அடகுவைத்துச் செல்கின்றோமா என்பதே அவ்வினா.

பழந்தமிழர் வழிச்செலவை ஈண்டுச் சிறிது நோக்குவோம். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகளாகும். அவற்றுள் திருமுருகாற்றுப்படை ஒழிந்த நான்கும், வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வழியில் எதிர்ப்பட்ட வறிய கலைஞனுக்கு அவ்வள்ளலின் ஊர்க்கு வழிசொல்லும் முறையில் அமைந்தவை. கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாத்தில் வருங் கூத்தர், முழவும் ஆகுளியும் பாண்டிலும் குழலும் பிறவுமாகிய இசைக்கருவிகளைப் பையிலிட்டுக் கட்டிச் சுமந்து செல்கின்றனர். அப்பைக்குக் 'கலப்பை' என்று பெயர். கலம் என்பது ஈண்டு இசைக்கருவியைக் குறிக்கும். உழவர் கலப்பை என மயங்கற்க. அக்கூத்தரிடம் வழிப்படம் இல்லை. எவ்விடத்துப் பாறை வழுக்கும், எவ்விடத்துப் பாம்பு உறையும், எவ்வூரார் என்ன உணவளித்துப் போற்றுவர் என்பனவெல்லாம் அவ்வழியே முன்னர் நடந்து மீண்டவன் வாயால் அறியப்படுகின்றன.

இதன்கண் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அக்கூத்தர் தலைமேற் சுமந்தது பிறர்க்கு இன்பம் பயக்கும் கருவிகளை. தமக்கு வேண்டிய வழியையும் உணவையும் அவர் வழியிலுள்ளாரிடமே பெற்றனர். நாமோ, எவரிடத்தும் எதனையும் கேளாமலே சென்று சேர்தற்கு வேண்டுவனவெல்லாம் பையில் அடைத்துக்கொண்டு புறப்படுகின்றோம். ஒருவரையும் வேண்டாத அந்நிலை விடுதலைபோலத் தோன்றும். அது விடுதலையா என்பதை அறியும் வாய்ப்பு எமக்குச் சென்ற ஆண்டிற் கிடைத்தது. அதனை எம்மைப் புகழ்தற்கன்று, எம் பேதைமையை ஒப்புக்கொள்ளுதற்கே கூறுகின்றோம்.

கொடைக்கானல் மலைச்சாரலில் உள்ள சிற்றூர் ஒன்றில் நாட்டுநலப்பணித் திட்ட முகாமில் இருந்தோம். எம் பாட்டியாரை மதுரையில் ஒரு மருத்துவமனையிற் சேர்த்திருப்பதாகவும், மறுநாட் காலை ஆறுமணிக்கு அறுவை நிகழுமெனவும், அதற்குமுன் எம்மைக் காண அவர் விரும்புவதாகவும் எந்தையார் மாலையில் அழைத்துக் கூறினார். மருத்துவமனையின் பெயரைக் கூறுமுன் பேச்சு அறுந்தது. சிறிது நேரங் கழித்து அதன் இருப்பிடக் குறி எம் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. அதுவே போதும் என்று எண்ணி, பெயர் யாது என்று பாராமலே இரவுப் பேருந்தில் ஏறினோம்.

மலைவழியில் அலைவரிசை குன்றியவிடத்துக் கைப்பேசி கோபுரத்தைத் தேடித் தன் ஆற்றலை மிகுதியாகச் செலவழிக்கும் என்பதை அன்று யாம் அறியோம். அறியாததோடு அமையாமல், உறக்கம் வரும்வரை பாட்டுக் கேட்டுக்கொண்டும் வந்தோம். வைகறை நாலரை மணிக்கு ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கிக் கைப்பேசியை எடுத்து நோக்கினால் திரை இருண்டு கிடந்தது. மருத்துவமனையின் பெயரும் அதனுள். எந்தையார் எண்ணும் அதனுள். எம் பணமும் அதனுள். சட்டைப்பையில் இருந்தவை பன்னிரண்டு ரூபாய். நினைவிலிருந்து ஓர் எண்ணையேனும் சொல்ல முயன்றோம். வாயில் வந்தது, எம் இளமையில் வீட்டிலிருந்த கம்பித் தொலைபேசியின் எண் ஒன்றே. அந்த இணைப்பு நீங்கிப் பல ஆண்டுகள் ஆயின.

தேநீர்க்கடைக்காரர் ஒருவர் எம் முகத்தைக் கண்டு தாமே வினவினார். தம் சார்ஜரையும் தந்தார். அதன் முனை எம் கைப்பேசிக்குப் பொருந்தவில்லை. அவர் எம்மை இருத்திவிட்டு, நிலையத்தின் வெளியே நின்ற ஆட்டோக்காரர்களிடம் சென்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பொருந்துவதொன்றைக் கொணர்ந்தார். முற்றும் வற்றிய மின்கலம் உடனே உயிர்பெறாது. திரை ஒளிர்தற்கே நெடுநேரம் ஆயிற்று. அதற்குள் அவர் தேநீர் ஒன்றை எம் கையிற் கொடுத்து, "காசு கெடக்கட்டும் தம்பி, மொதல்ல குடி" என்றார். பின்னர் ஆட்டோவில் விரைந்து மருத்துவமனையை அடைந்தபொழுது ஆறுமணி கடந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. பாட்டியாரை உள்ளே கொண்டுசென்றுவிட்டனர். "பேரன் வந்துட்டானா?" என்று இருமுறை வினவினார் என எம் அன்னையார் கூறினார்.

கடவுள் அருளால் அறுவை இனிது முடிந்தது. பாட்டியார் நலமாக இருக்கின்றார். எனினும், அவர் அச்சத்தோடு படுத்திருந்த அப்பொழுதில் அருகிருந்து கைபற்றும் பேறு எமக்கு வாய்க்கவில்லை. அவ்வரைமணி நேரத்தை எவரும் எமக்கு மீட்டுத் தர இயலாது.

அன்று காலை அன்னையார் மடியில் பாட்டியாரின் சுருக்குப்பை இருந்தது. வெளியூர் செல்லும்போதெல்லாம் அவர் இடுப்பிற் செருகிக்கொள்ளும் பை அது. அதனுள் மடித்த நோட்டுக்கள் சில, சில்லறை, ஊக்கு இரண்டு, தலைவலித் தைலம் ஒன்று, நான்காய் மடித்த தாள் ஒன்று ஆகியவை இருந்தன. அத்தாளை விரித்துப் பார்த்தோம். மக்கள் பேரர் அனைவருடைய எண்களும் பென்சிலாற் பெரிதாக எழுதப்பட்டிருந்தன. எம் எண்ணும் அதில் இருந்தது. எழுத்துக்கூட்டி மட்டுமே படிக்கத் தெரிந்த முதியவர் எம் எண்ணைத் தம் இடுப்பிற் கட்டிச் சுமந்திருந்தார். தமிழ் ஆனர்ஸ் பயிலும் யாம் அவரைச் சார்ந்த ஓர் எண்ணையேனும் நெஞ்சிற் சுமந்திருக்கவில்லை.

"பவர் பேங்க் ஒன்று கையிலிருந்திருப்பின் இத்தொல்லையே நேர்ந்திராதே" என்று நண்பர் கூறினர். உண்மையே, இப்போது யாமும் ஒன்று வைத்திருக்கின்றோம். அதனைப்பற்றி வழிச்செல்வார் அறியவேண்டுவன சில உள. அதனுள் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். 1991-ஆம் ஆண்டில் சோனி கம்பெனியாற் சந்தைக்கு வந்த இக்கலத்தை உருவாக்கியமைக்காக குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ என்னும் மூவர்க்கு 2019-ஆம் ஆண்டில் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. பவர் பேங்கின் மேல் 10,000 மில்லியாம்பியர் மணி என்று பொறித்திருப்பின், அதன் உள்ளமைந்த கலத்தின் அழுத்தம் 3.7 வோல்ட் ஆதலின், மொத்த ஆற்றல் 37 வாட் மணியாகும். அதிலிருந்து கைப்பேசிக்கு ஏறும்பொழுது ஒரு பகுதி வெப்பமாய்க் கழிந்துவிடும். எனவே 5,000 கொள்ளும் கைப்பேசியை அதனால் இருமுறை முழுதும் நிரப்பலாம் என்று எண்ணுதல் தவறு. விமானத்திற் செல்வார் இதனைச் சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியில் வைத்தலாகாது; உடன்கொண்டு செல்லும் பையிலேயே வைத்தல் வேண்டும். இக்கலம் தீப்பற்றுமாயின், மக்கள் இருக்கும் அறையில் உடனே கண்டு அணைக்கலாம். சரக்கறையிலாயின் அஃது அரிது. 100 வாட் மணிக்கு மேற்பட்டதற்கு விமானக் கம்பெனியின் இசைவு வேண்டும். 160-க்கு மேற்பட்டது பயணியர் கொண்டுசெல்லத் தக்கதன்று.

ஆயினும் பவர் பேங்க் எம் வினாவிற்கு முழுவிடை ஆகாது. கைப்பேசிக்குத் துணையாகச் சார்ஜர் வந்தது. அது செருகும் இடமில்லாதபோது உதவுதற்குப் பவர் பேங்க் வந்தது. அதற்கும் இதற்கும் இடையே கேபிள் வந்தது. அக்கேபிளின் முனையோ கருவிதோறும் வேறுபட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ஆம் ஆண்டின் இறுதி முதல் அங்கு விற்கப்படும் புதிய கைப்பேசிகள் அனைத்திற்கும் 'டைப் சி' என்னும் ஒரே முனையைக் கட்டாயமாக்கியது நற்செயலே. அன்று ஆரப்பாளையத்தில் யாம் இழந்த பொழுதில் ஒரு பகுதி அம்முனை வேறுபாட்டால் இழந்ததேயாகும். எனினும் ஒன்றைக் காக்க மற்றொன்று, அதனைக் காக்க இன்னொன்று எனக் கருவிகளை அடுக்கிக்கொண்டே சென்றால், எத்தனை கருவி பெருகினும் நம் நிலை ஒரு கயிற்றில் தொங்குவான் நிலையே. கயிற்றைத் தடிப்பாக்குதல் நன்று. கால் ஊன்றுதற்குப் படி ஒன்று அமைத்தல் அதனினும் நன்று. பாட்டியாரின் நான்காய் மடித்த தாள் அத்தகைய படியாகும்.

இனி, காதிற் செருகும் ஒலிக்கருவியைப் பற்றியும் ஒருசொல் கூறுதல் வேண்டும். கூட்டத்தின் இரைச்சலிடையே பாடம் கேட்டற்கும் மனம் ஓய்தற்கும் அது பெரிதும் உதவும். ஆனால் வண்டி புறப்படுமுன் செருகி, இறங்கும்வரை எடுக்காதவர் அடுத்திருப்பாரை இழக்கின்றார். கால்டுவெல் ஐயர் 1838-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தவர், 1841-ஆம் ஆண்டில் அங்கிருந்து கால்நடையாகவே புறப்பட்டு, நீலகிரி வழியாகத் திருநெல்வேலிச் சீமையை அடைந்து இடையன்குடியில் தங்கினார். வழிநெடுகக் கண்ட மக்களையும் அவர் பேச்சையும் வழக்கங்களையும் அறிந்தமை அந்நடையால் அவர் பெற்ற ஊதியம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிஞர்க்கு வழியிற் கேட்ட பேச்சு பயன்படாமலா போயிருக்கும்? மொழி பயிலும் நாம், எட்டு மணிநேரம் தமிழர் நடுவே அமர்ந்து சென்றும் அவர் பேசும் தமிழில் ஒருசொல்லும் கேளாது இறங்குவது வருந்தத்தக்கது.

"ஒன்றும் கொண்டுசெல்லாது பிறரையே நம்பிச் செல்க என்கின்றீரோ?" எனச் சிலர் வினவலாம். நம் ஆண்டவர் பன்னிருவரை இருவர் இருவராக அனுப்பியபொழுது, கைத்தடி ஒன்றன்றி அப்பமும் பையும் கச்சையிற் பணமும் கொள்ளவேண்டா எனப் பணித்ததை மாற்கு எழுதியுள்ளார். ஆயின் அவரே, தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில், பணப்பையும் பையும் உடையவன் அவற்றை எடுத்துக்கொள்ளுக என மாற்றிப் பணித்ததை லூக்கா எழுதியுள்ளார். காலம் அறிந்து கொள்வனவும் தவிர்வனவும் வகுத்தல் வேண்டும் என்பது இவ்விரண்டையும் சேர்த்துக் காண்பார்க்கு விளங்கும். நெடுவழி நடந்த பவுல் அடிகளும் தம் இறுதிநாளில் தீமோத்தேயுவுக்கு எழுதுங்கால், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் நூல்களையும் தோற்சுருள்களையும் கொணருமாறு வேண்டினார். குளிர்க்கு ஓர் அங்கி, அறிவிற்குச் சில நூல், அவற்றைக் கொண்டுவர ஓர் அன்பன்: இவையே அப்பெருவழிச் செல்வர் நாடியவை.

எனவே, அடிக்கடி வழிச்செல்வார்க்கு யாம் கூற விரும்புவது இதுவே. கைப்பேசியைக் கொள்க, சார்ஜரையும் பவர் பேங்கையும் பொருந்தும் கேபிளையும் கொள்க. செல்லும் ஊரின் வழிப்படத்தைப் புறப்படுமுன்னரே இறக்கி வைத்துக்கொள்க. செய்மதிக் குறியைப் பெறுதற்கு இணையம் வேண்டுவதின்று, படத்தைப் பெறுதற்கே அது வேண்டும். அலைவரிசை இல்லாத வழியில் 'விமான நிலை'யில் வைத்து ஆற்றலைக் காக்க. இவற்றோடு, சேருமிடத்தின் பெயரும் முகவரியும் உறவினர் மூவர் எண்களும் தம் இரத்தவகையும் எழுதிய தாள் ஒன்று, ஒருநாட் செலவிற்குப் போதிய பணம் சில்லறையுடன், தண்ணீர், அடுத்திருப்பார்க்கும் பகிர்ந்தளிக்கத்தக்க சிறிது உணவு ஆகியவற்றையும் கொள்க. 112 என்பதையும், ரெயிற் பயணத்திற்கு உதவும் 139 என்பதையும், வீட்டார் எண்களுள் இரண்டையேனும் நெஞ்சில் எழுதிக்கொள்க. இவ்வெல்லாம் சேர்ந்தும் பெருஞ்சுமை ஆகா.

எம் விடுதிக் காப்பாளர்க்கும் விடுதிச் சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறைக்குச் செல்லும் மாணாக்கர் வெளியேறும் பதிவேட்டிற் கையொப்பம் இடுகின்றனர். அதன் அருகே இரண்டு கட்டங்கள் வரைந்து, வீட்டார் இருவர் எண்களைக் கைப்பேசியைப் பாராமல் எழுதுமாறு பணித்தருளுக. முதன்முறை பலர் இடர்ப்படுவர், நகைப்பும் எழும். மூன்றாம் விடுமுறையில் இடர்ப்படுவார் ஒருவரும் இரார். பொருட்செலவு யாதுமில்லாத இச்சிறு ஏற்பாடு, என்றேனும் ஓர் இரவில் எம் தோழர் ஒருவரை உரிய பொழுதில் உரிய இடத்திற் சேர்க்குமாயின் அதுவே போதிய பயனாம்.

ஆரப்பாளையத் தேநீர்க்கடைக்கு யாம் பின்னர் ஒருமுறை சென்றோம். தேநீர்க்குரிய காசை நீட்டியபொழுது அவர் எம்மை அடையாளம் கண்டு, "பாட்டி எப்படி இருக்காங்க?" என்றுதான் முதலில் வினவினார். எந்தப் பையிலும் எடுத்துச்செல்ல இயலாத, ஆயினும் எவ்வழியிலும் கிடைக்கத்தக்க துணை அது. அதனை வாயால் கேட்டுப் பெறவும், பிறர் கேளாமுன் தாமே கொடுக்கவும் வழிச்செல்வார் அனைவரும் பழகுவாராக.